ஒரு முறைதான் கேட்பார்கள் என்றேன்

தருமபுரி நீதிமன்றத்தில் என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் விபத்து வழக்குகள். நெடுஞ்சாலையில் லாரி மோதியவர்கள், தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்தவர்களின் குடும்பத்தார். அவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதியே பதினெட்டு வருடம் ஓடியிருந்தது. அப்படிப்பட்ட என்னை, போர்க்குற்றங்களுக்குச் சாட்சியம் சேகரிக்கும் பயிற்சிக்கு அழைத்தபோது ஆள் மாறிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழைத்தவர் சேலத்து மூத்த வழக்கறிஞர் ஒருவர்.

“உங்க மாவட்டத்துல அகதி முகாம் இருக்குதுங்க. இலங்கைல கடைசிச் சண்டைலருந்து தப்பிச்சு வந்தவங்க அங்க இருக்காங்க. அவங்க சொல்றத ஒழுங்கா எழுதி வெக்க ஒரு ஆளு இல்ல. வெளிநாட்டுலருந்து ஒருத்தரு வந்து பத்து நாளு சொல்லித் தராருங்க. நீங்க அவசியம் வரணும்” என்றார்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு பெண். அந்த முகாமிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த கட்சிக்காரி. அவளுடைய மகளின் பெயர் முகாம் பதிவேட்டில் ஒரு மாதிரியும் மதிப்பெண் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒன்றரை வருடமாக அலைந்துகொண்டிருந்தோம். விடியற்காலையில் சாமந்தித் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய்விட்டு, பத்து மணிக்கு என் அறைக்கு வருவாள். விரல் நுனிகளில் மஞ்சள் ஒட்டியிருக்கும். ஒருமுறை படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் நான் பேனாவோடு நின்றபோது, “பஸ்ஸில ஏத்தினவை அக்கா. பிறகு தெரியாது” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பயிற்சி நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடி மாதம், மண்டபம் காலியாகக் கிடந்தது. நாங்கள் பதினோரு பேர். வழக்கறிஞர்கள் நான்கு பேர், கல்லூரி ஆசிரியர்கள் மூன்று பேர், அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், தருமபுரி டவுனில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கும் பாய் ஒருவர், இன்னும் இரண்டு பேர்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஐரோப்பாவுக்குப் போனவர். பல நாட்டுப் புதைகுழிகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாளே எங்களிடம் சொன்னார்: “நீங்கள் நீதிபதியும் இல்லை, உறவுக்காரரும் இல்லை. சாட்சி அழுதால் அழுதார் எண்டு எழுதுங்கோ. எத்தனை நிமிசம் எண்டு எழுதுங்கோ. உங்கட கண்ணீரை அதுக்குள்ள கலக்காதேங்கோ.”

எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், பிடித்துப் போனது என்பது குறைவான வார்த்தை. எங்கள் நீதிமன்றத்தில் சாட்சியை மிரட்டுவார்கள், சொல்லாததைச் சொன்னதாகத் தட்டச்சு செய்வார்கள், மதிய சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துவார்கள். அதையே பதினெட்டு வருடம் பார்த்த எனக்கு, ஒரு கேள்வியின் முதல் சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர் புதிதாக இருந்தார்.

மூன்றாம் நாள் வறண்ட ஏரிக்குக் கூட்டிப்போனார். முன்கூட்டியே ஆட்டு எலும்புகளை ஒரு பழைய சட்டைக்குள் சுற்றிப் புதைத்து வைத்திருந்தார். கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணை எடுத்து, சல்லடையில் சலித்தோம். கிடைத்த ஒவ்வொரு பொத்தானையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, உறையில் போட்டு, யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது என்று எழுதினோம். அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

“யாரு செத்துப்போனதுங்க?”

“யாருமில்லீங்க, இது பயிற்சி” என்றார் நர்ஸ்.

“பயிற்சிக்கு எதுக்குங்க சட்டை?” என்று கேட்டுவிட்டு அவர் ஆடுகளோடு போய்விட்டார். எல்லோரும் சிரித்தோம்.

நான்காம் நாள் பாடம்தான் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. ஒரு சாட்சியை ஒரு முறைதான் முழுமையாகக் கேட்க வேண்டும் என்றார். இரண்டாவது முறை கேட்டால் அவர் நடந்ததை நினைவுகூர்வதைவிட முதல் முறை சொன்னதைத்தான் நினைவுகூர்வார். மூன்றாவது முறை, கேட்கிறவருக்கு எது வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இதில் எது பொய்?’ என்று கேட்பார். “அந்தச் சாட்சி அத்தோட முடிஞ்சுது. நாங்களே சாகடிச்சிட்டம் எண்டு அர்த்தம்” என்றார். நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அன்று மாலை டீ இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முகாமில உங்களுக்கு ஆரையும் தெரியுமோ? நேரில பார்த்த சாட்சி.”

தெரியும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “பயிற்சிக்காகவா சார்? அதுக்கு நான் யாரையும் கூப்பிட மாட்டேன்” என்றேன்.

“இல்லை. நீங்கள் பழகினது போதும். இது உண்மையான வாக்குமூலம். நீங்கள்தான் எடுக்கப் போறீங்கள், நான் பக்கத்தில இருப்பன். எடுத்து முடிய அது கோப்புக்குப் போகும். நாளைக்கு ஒரு நீதிமன்றம் கேட்டால் எடுத்து வைக்கிற கோப்பு.”

மறுநாள் முகாமுக்குப் போனேன். அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“ஆர் அவர்?”

“உங்க ஊர்ப்பக்கம் பிறந்தவர்தாம்மா. வெளிநாட்டுல இதே வேலையா இருக்கறவர்.”

“இது கோட்டுக்குப் போகுமோ அக்கா?”

“போகும்.”

“எத்தினை தரம் கேப்பினம்?”

“ஒரு முறைதான். அதுதான் சட்டமே.”

“அப்ப ஒருக்கால் சொல்லுறன். ஒருக்கால்தான் என்னால ஏலும். மகளுக்குக் கூட நான் முழுசாச் சொன்னதில்லை.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்கள் இருப்பீங்கள்தானே?” என்றாள்.

“நான்தான் கேக்கப் போறேன். கூடவே இருப்பேன்” என்றேன்.

இந்த மூன்று பதில்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போகும் என்றேன், ஒரு முறைதான் என்றேன், கூடவே இருப்பேன் என்றேன். சாட்சிக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது என்பது இரண்டாம் நாள் பாடம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவரை நம்பியதால் அது வாக்குறுதி என்றே எனக்குப் படவில்லை. நடக்கப் போவதைச் சொல்கிறோம் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் அவளை மண்டபத்தின் மணமகள் அறையில் உட்கார வைத்தோம். அமைதியான இடம் அது ஒன்றுதான். அவர் கேமராவை வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, “அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கற மாதிரி சொல்லுங்க” என்பதுதான். பிறகு இரண்டரை மணி நேரத்தில் மொத்தமே பதினாறு கேள்விகள் கேட்டேன்.

இயக்கத்துக்கு ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் பேர் கொடுக்க வேண்டும், பேர் கொடுத்தவர்களை விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அவள் கணவர் சில மாதம் அரிசி லாரி ஓட்டியவர். மறைத்தால் பின்னால் தொல்லை என்று தானாகவே போய் வரிசையில் நின்றார். ராணுவ உடுப்புப் போட்டவர்கள் அவர்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊருக்குள் ஓடுகிற சாதாரண சிவப்பு பஸ். முன்னால் ஊர்ப்பெயர்ப் பலகைகூடக் கழற்றாமல் இருந்தது. அவர் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தார். மகளுடைய தடுப்பூசி அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை ஜன்னல் வழியாக நீட்டி, “அடுத்த ஊசி வைகாசியில, மறந்திடாதை” என்றார். பஸ் கிளம்பிவிட்டது. அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வயதுக் குழந்தையோடு அந்த இடத்திலேயே மாலை வரை நின்றாள்.

அதைச் சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை. உடம்பு மட்டும் குளிர் கண்டதுபோல் நடுங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்து, நான்கு நிமிடம் என்று எழுதினேன். நன்றாகச் செய்தேன் என்று மனதுக்குள் ஒரு நிறைவு இருந்ததை இப்போது நினைக்கவே கூசுகிறது.

அவர் எழுந்து வந்து அவளிடம், “தங்கச்சி, நல்லாச் சொன்னீங்கள். கொஞ்சம் சாப்பிடுங்கோ” என்றார். என்னிடம், அவள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் ஒரு பக்கம் குறைகிறது, தருமபுரி போய் ஜெராக்ஸ் எடுத்துவர முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது.

நான் வந்தபோது மணமகள் அறை சாத்தியிருந்தது. திறந்தேன். அவள் அதே நாற்காலியில் இருந்தாள். எதிரே ஸ்டுடியோ பாய் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே கல்லூரி ஆசிரியர்கள் இருவர் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார்கள். இது மூன்றாவது முறை. அவள் குரல் தட்டையாக, பாடம் ஒப்பிப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“ஒருக்கால் எண்டுதானே அக்கா சொன்னீங்கள்?”

நான் மூலையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் கையமர்த்தி, “உறுதிப்படுத்தத்தான். இப்ப முடிஞ்சிடும்” என்றார். அங்கேயே அந்தக் கேமராவை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. என்னைவிட அவருக்குத் தெரியும் என்று நினைத்து, அவள் தோளைத் தொட்டு, “இன்னும் கொஞ்சம்தாம்மா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மறுநாள் காலை வகுப்பில் அவர் திரையைக் கட்டினார். முதலில் நான் எடுத்த பதிவில் இருபது விநாடி. ‘சிவப்பு பஸ்’ என்கிறாள். அடுத்து ஆசிரியர்கள் எடுத்தது. ‘சிவப்பு எண்டுதான் நினைக்கிறன்.’ மூன்றாவது, பாய் எடுத்தது. “அந்த பச்சை பஸ்ல எத்தன பேரு இருந்தாங்க?” என்று அவர் குரல் கேட்கிறது. அவள் கொஞ்சம் தயங்குகிறாள். “பச்சை பஸ்ஸில… ஐம்பது பேர் வரும்.”

வகுப்பில் ‘அட’ என்று ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“பார்த்தீங்களோ? ஐஞ்சு மணித்தியாலம். ஒரு பிழையான கேள்வி. பஸ்ஸின்ர நிறமே மாறிப்போச்சு. அண்டைக்கு நான் வாயால சொன்ன பாடம், இண்டைக்கு உங்கட கண் முன்னால.”

நான் எழுந்து நின்றேன். “சார், இது கோப்புக்குப் போற வாக்குமூலம்னு சொன்னீங்க.”

“இருங்கோ, பிறகு கதைப்பம்.”

“இல்ல சார், இப்பவே சொல்லுங்க. இது எங்க போகுது?”

அவர் பொறுமையாக, மாணவிக்கு விளக்குவதுபோல் சொன்னார். இது பயிற்சிப் பதிவு. எங்கேயும் போகாது. உண்மையான சாட்சி இல்லாமல் இந்தப் பாடம் யாருக்கும் உறைக்காது. இதைப் பார்த்தவர்கள் இனி நூறு சாட்சிகளைக் காப்பாற்றுவார்கள். “அந்த நூறு பேருக்காக எண்டு நினையுங்கோ.”

“அப்ப இந்த ஒருத்தி?”

அவர் அடுத்த பாடத்தைத் திறந்தார்.

மதியம் பாய் என்னை வெளியே புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். முகமே வாடிப்போயிருந்தது. “மேடம், நானா கேக்கலீங்க. அவருதாங்க ‘பச்சை பஸ்’னு கேளுங்க, சாட்சி திருத்துறாங்களான்னு பாக்கணும்னாரு. அந்தம்மாவுக்கும் இது பயிற்சின்னு தெரியும்னு சொன்னாருங்க. தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க பாய்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பயிற்சியை விட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. மிச்ச நாட்களும் உட்கார்ந்தேன். பதிவுகளைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டேன், தரவில்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். மகளின் பெயர் விவகாரமாக அவள் வருவாள், வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாள்: “அக்கா, ஏதும் கடிதம் வந்ததோ?” “இன்னும் இல்லம்மா, இதெல்லாம் நாளாகும்” என்பேன். ஒருமுறை இருமுறை இல்லை, ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே சொன்னேன். அவர் செய்ததை மோசடி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். அதற்கிடையில் பெயர் திருத்தம் கிடைத்து, மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் ஒரு கூடை சாமந்தி கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

போன வருடம், உண்மையாகவே ஆதாரம் சேகரிக்கிற வேறொரு குழு அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னைப் போனில் கூப்பிட்டது. பேசியது ஓர் இளம்பெண். எடுத்தவுடனே, “இதற்கு முன் இந்தச் சாட்சியை யாராவது கேட்டார்களா?” என்றுதான் கேட்டாள். கேட்டார்கள், பிறகு விவரமாகச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். முதலில் அறிமுகத்துக்காக வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடானது. முகாமிலிருந்து அவளை வரவழைத்து என் அறையில் உட்கார வைத்தேன். அவள் பெயரும், எந்த ஊர் என்பதும், மகளின் படிப்பும் என்று ஐந்து நிமிடம் பேசினார்கள். பிறகு திரையில் இருந்த பெண் எதையோ சொல்லி அழைப்பைச் சட்டென்று முடித்துக்கொண்டாள். என் கட்சிக்காரி முகாமுக்குக் கிளம்பிப் போனதும், அந்த இளம்பெண்ணிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“மேடம், இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்.”

“எங்க?”

“நான் பயிற்சி எடுத்தபோது வகுப்பில் போட்டார்கள். வெளிநாட்டில். முகத்தை மறைத்திருந்தார்கள், குரலை மாற்றவில்லை. எங்களுக்கெல்லாம் அவர் ‘பஸ்ஸின் நிறத்தை மாற்றிய பெண்’.”

எங்கேயும் போகாது என்று அவர் சொன்ன பதிவு ஊர் ஊராகப் போயிருக்கிறது. யாரை நம்பக் கூடாது என்பதற்கு உதாரணமாக அவளைக் காட்டியிருக்கிறார்கள்.

மறுநாளே முகாமுக்குப் போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதையும் குறைக்காமல் சொன்னேன். பயிற்சி என்பதை, பாயிடம் சொல்லிக் கேட்கவைத்ததை, திரையில் போட்டதை, கைதட்டியதை, இரண்டு வருடமாக நான் சொன்ன பொய்யை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“எனக்கு நிறம் மாறேல்லை அக்கா. அண்டைக்கும் தெரியும், இண்டைக்கும் தெரியும். அது சிவப்பு.”

“அப்புறம் ஏம்மா பச்சைன்னீங்க?”

“அந்த அண்ணை பச்சை எண்டு கேட்டார். உங்கட ஆக்கள்தானே, நீங்கள் கூட்டி வந்த இடம்தானே. அவையளுக்குக் கோட்டுக்கு அப்பிடிச் சொன்னால்தான் சரிவரும்போல, அதுதான் அப்பிடிக் கேக்கினம் எண்டு நினைச்சன். உங்களை நம்பித்தான் பச்சை எண்டனான்.”

நான் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, “மகளின்ர பேப்பர் எல்லாம் உங்களிட்டத்தானே இருக்கு. அதைத் தந்திடுங்கோ. நான் வேற ஆளைப் பாக்கிறன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த இளம்பெண் நேரிலேயே வந்தாள். என் பழைய கட்சிக்காரியிடம் வாக்குமூலம் எடுத்தபோது என்னை அறைக்குள் விட வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாளாம். எடுத்த வாக்குமூலத்தோடு, முந்தைய மூன்று பதிவுகளும் எப்படி நடந்தன என்று நானும் பாயும் சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுத்தோம். பாய் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு முழு நாள் விசாரித்தார்கள். இருபது வருடம் கேள்வி கேட்ட பக்கத்தில் இருந்தவளுக்கு, பதில் சொல்கிற நாற்காலி எவ்வளவு தனிமையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாக்குமூலம் என்றாவது ஒரு நீதிமன்றத்தில் நிற்குமா என்று அந்த இளம்பெண்ணிடம் கேட்டதற்கு, “சொல்ல முடியாது. முதலாவதாக எங்களிடம் வந்திருந்தால் நிற்கும் என்று சொல்லியிருப்பேன்” என்றாள்.

பயிற்சி கொடுத்தவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். என் கவலையைப் புரிந்துகொள்வதாகவும், இனி அந்தப் பதிவில் குரலையும் மாற்றிவிடுவதாகவும் பதில் வந்தது. நிறுத்துவதாக வரவில்லை. அவரை அனுப்பியவர்களுக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரிப்பதாகச் சொல்கிறார்கள்.

அவள் இப்போது வேறொரு வழக்கறிஞரிடம் போகிறாள். நல்லவர்தானா என்று அவளுக்குத் தெரியாமல் விசாரித்தேன், நல்லவர்தான். நீதிமன்ற வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவள் ஒதுங்கிப் போவதில்லை. “எப்பிடி அக்கா, சுகமோ?” என்று கேட்பாள். நின்று பதில் கேட்க மாட்டாள்.